கேம் இழுக்குதா, வெட்டுதா, அணையுதா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எனக்குச் செங்கோட்டையில் கடை. மேற்கே மலையேறினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கிழக்கே தென்காசி. இரண்டு பக்கத்திலிருந்தும் பையன்கள் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கேயிருந்து வருகிறவன் "சேட்டா, கார்டு போயி" என்பான். இங்கேயிருந்து வருகிறவன் "அண்ணாச்சி, கார்டு அவுட்டு" என்பான். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கார்டு நல்லாத்தான் இருக்கும்.

போன சாரலில் ஆரியங்காவிலிருந்து ஒரு பையன் வந்தான். கேபினெட்டைத் துண்டில் சுற்றி, தான் நனைந்து, அதை நனைய விடாமல் கொண்டுவந்தான். பழைய கார்டு இழுக்கிறது என்று விற்றுவிட்டுப் புதிதாக ஆர்.எக்ஸ். 6600 வாங்கிப் போட்டிருக்கிறான். அதிலும் அதே 20 எஃப்.பி.எஸ்.தான், அதாவது செகண்டுக்கு 20 படம். பின்பக்கம் திருப்பினேன். மானிட்டர் ஒயர் மேலே மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ.யில் சொருகியிருந்தது. ஒரு சாண் கீழே இறக்கி, கார்டில் சொருகினேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவன் சிரிக்கவில்லை. விற்ற பழைய கார்டை நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

முதலில்: எந்த "லேக்"?

"லேக் அடிக்குது" என்று இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். ஆள் ஓடிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று பின்னால் இழுபடுகிறானா, சுட்ட குண்டு தாமதமாகப் படுகிறதா? எஃப்.பி.எஸ். எண் அசையாமல் இருக்கும்போது இப்படி நடந்தால் அது நெட் கோளாறு. கேமின் பயிற்சிக் களத்திலோ, நெட் தேவைப்படாத கேமிலோ பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் ரௌட்டரைப் பாருங்கள். கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம்.

அளக்கும் கருவி

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் இலவசம்தான். எந்தக் கம்பெனி கார்டிலும் வேலை செய்யும். கூடவே வரும் ரிவாட்யூனரையும் போட்டு, திரை மூலையில் ஐந்து எண்களை வரவைத்துக்கொள்ளுங்கள்: ஜி.பி.யூ. (கார்டின் மூளை) எத்தனை சதவீதம் உழைக்கிறது, அதன் சூடு, சி.பி.யூ. சூடு, சி.பி.யூ. கிளாக் (ஓடும் வேகம்), ஃபிரேம் டைம் (ஒரு படம் வரைய எடுக்கும் நேரம்). கடைசியதை எண்ணாக இல்லாமல் கோடாக வையுங்கள். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். கோடு நேராகப் போனால் கண்ணுக்குச் சுகம். சராசரி 60 என்றே காட்டும்போதும் நடுவில் ஒரு படம் 80 மில்லி செகண்ட் எடுத்தால் கோடு குத்திட்டு நிற்கும், கண்ணும் அதைப் பிடித்துவிடும்.

ஒரே இடத்தை, ஒரே செட்டிங்கில், மூன்று தரம் ஓட்டுங்கள். ஜி.டி.ஏ. 5, சைபர்பங்க் 2077 போன்றவற்றில் உள்ளேயே பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கும் ஓட்டம்) இருக்கிறது, அது வசதி. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாயிருச்சு" என்று வருகிறவர்களுக்கு அடுத்த வாரம் திரும்பக் கெட்டால் எதைத் தொடுவது என்று தெரியாது.

அறிகுறி 1: ஆரம்பத்திலிருந்தே இழுக்கிறது

மூலையில் ஜி.பி.யூ. சதவீதத்தைப் பாருங்கள். அங்கிருந்துதான் வழி பிரிகிறது.

*ஜி.பி.யூ. 0 அல்லது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது*

கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் ஆரியங்காவுப் பையன் கதைதான், ஒயரைப் பாருங்கள். லேப்டாப் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், அந்தக் கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

*ஜி.பி.யூ. 95-க்கு மேல் ஓடுகிறது, ஆனாலும் எஃப்.பி.எஸ். குறைவு*

கார்டு தன் முழுப் பலத்தையும் போடுகிறது. நிழல், பிரதிபலிப்பு, ரே டிரேசிங் மூன்றையும் இறக்குங்கள். டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) இறக்கினால் எஃப்.பி.எஸ். பெரிதாக ஏறாது, அதன் கதை வேறு, கீழே வருகிறது. படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்.எஸ்.ஆர்., டி.எல்.எஸ்.எஸ். இருந்தால் குவாலிட்டியில் போடுங்கள். லேப்டாப்பில் சார்ஜர் சொருகியிருக்கிறதா, அது அதனுடைய சொந்தச் சார்ஜர்தானா என்றும் பாருங்கள். சின்ன சார்ஜர் போட்டால் சார்ஜ் ஏறுவது போலக் காட்டும், வேகத்தை மட்டும் கட்டிப் போட்டுவிடும்.

லேப்டாப்பில் இன்னொரு சூட்சுமம். ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற ஒரே பெயரில் 60 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். நண்பன் லேப்டாப்பில் ஓடுவது உங்களுடையதில் ஓடவில்லை என்றால் அது கோளாறு இல்லை, வாங்கும்போது கேட்காமல் விட்ட கேள்வி.

*ஜி.பி.யூ. 50, 60 என்று அரைவயிறாக ஓடுகிறது*

முதலில் கேமில் எஃப்.பி.எஸ். வரம்பு, வீ-சிங்க் (மானிட்டர் வேகத்தோடு எஃப்.பி.எஸ்.ஸைக் கட்டிவைப்பது) போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கார்டு எதற்கோ காத்திருக்கிறது. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். ஏறவே இல்லை என்றால் சி.பி.யூ. அல்லது ரேம்தான் பிடித்து வைத்திருக்கிறது. சி.பி.யூ. மொத்தம் 40 சதவீதம்தான் காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள். ஒரே ஒரு கோர் நிரம்பினாலும் கேமின் வேகம் அதற்கு மேல் ஏறாது.

ரேமுக்கு டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் திறங்கள். எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகம் என்று அங்கேயே எழுதியிருக்கும். ரேம் குச்சியில் 3200 என்று ஒட்டியிருந்து, அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி. போடப்படவில்லை. போட்டுவிடுங்கள், காசில்லை. இரண்டு குச்சி இருந்தும் இரண்டையும் அடுத்தடுத்த ஸ்லாட்டில் குத்தியிருந்தால், நான்கு ஸ்லாட் போர்டில் சி.பி.யூ. பக்கத்திலிருந்து எண்ணி 2-லும் 4-லும் மாற்றுங்கள். போர்டின் கையேட்டில் படம் இருக்கும். தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி மாதிரி சி.பி.யூ.விலேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒற்றைக் குச்சி பெரிய பாவம். அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் சாப்பிடுவது முழுக்க அந்த ரேமிலிருந்துதான். இன்னொரு குச்சி போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதெல்லாம் பார்த்தும் நகரவில்லை என்றால்தான் சி.பி.யூ. மாற்றும் பேச்சு.

அறிகுறி 2: பத்து நிமிடம் பறக்கிறது, பிறகு படுக்கிறது

சூடு. வேறு எதையும் யோசிக்கும் முன் சூட்டை எழுதுங்கள். தொடங்கும்போது எவ்வளவு, படுக்கும்போது எவ்வளவு, அப்போது கிளாக் எவ்வளவு. சூடு உச்சியில் நிற்க, கிளாக் கீழே விழுந்தால் நோய் உறுதி. இன்டெல் சி.பி.யூ.க்கள் பெரும்பாலும் 100 டிகிரியில் தன்னைத்தானே மட்டுப்படுத்தும். என்விடியா கார்டுகள் பல 83, 84-ஐத் தொட்டாலே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும்.

முதல் சோதனை: பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமைக் கால்மணி நேரம் ஓட்டுங்கள். சூடு எட்டு, பத்து டிகிரி குறைந்தால் உள்ளே காற்று போக வழியில்லை என்று பொருள். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், முன்பக்க வலையைத் துடையுங்கள்.

எங்கள் ஊரில் அடுத்த குற்றவாளி தூசி. ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் ஜன்னலோரத்துக் கேபினெட் மூன்றே மாதத்தில் நிரம்பிவிடும். மர அறுவை மில்லுக்குப் பின்னால் குடியிருக்கிற ஒருவர் கொண்டுவந்த சி.பி.யூ. கூலரை இன்னும் மறக்கவில்லை. மரத்தூளும் சாரல் ஈரமும் சேர்ந்து, ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு பாய். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. 97 டிகிரியில் திணறிக்கொண்டிருந்தது, அந்தப் பாயை எடுத்ததும் 71. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைக்கூடத் தொடவில்லை.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். வீடு கூட்டும் வேக்குவம் கிளீனர் வேண்டாம், ஸ்டேடிக் ஆபத்து.

தூசி இல்லாமலும் சூடு என்றால் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். அதில் ஒன்று "டிக்" என்று விழாமல் தொங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். கேமைத் திறந்த இரண்டாம் நிமிடமே 100-ஐத் தொட்டால் முதல் சந்தேகம் இதுதான்.

அதற்கும் பிறகு பேஸ்ட். சி.பி.யூ.வுக்கு நீங்களே போடலாம். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு பட்டாணி அளவு. கிராஃபிக்ஸ் கார்டையும் லேப்டாப்பையும் பிரிப்பது வேறு வேலை. உள்ளே வீ-ரேமின் (கார்டின் சொந்த ரேம்) மேல் இருக்கும் தெர்மல் பேடுகளுக்குத் தடிமன் கணக்கு உண்டு; அரை மில்லிமீட்டர் தவறினால் சிப்பும் ஹீட் சிங்க்கும் தொடாமல் நிற்கும். அங்கே தெரிந்தவரிடம் கொடுங்கள். வாரண்டி இருந்தால் கட்டாயம் கம்பெனி சர்வீஸ்தான்.

அறிகுறி 3: எஃப்.பி.எஸ். நல்லா இருக்கு, ஆனால் வெட்டி வெட்டிப் போகுது

இதில்தான் ஆட்கள் அதிகம் காசை இழப்பது. எப்போது வெட்டுகிறது என்பதைக் கவனியுங்கள்.

*புது இடத்துக்குப் போகும்போது மட்டும் வெட்டுகிறது, அதே இடத்துக்குத் திரும்ப வந்தால் இல்லை*

ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தை வரையும் சின்ன புரோகிராம்) தயாராகும் நேரம். கேம் திறந்ததும் "ஷேடர் கம்பைல் ஆகிறது" என்று ஒரு பட்டை ஓடினால் அது முடியும்வரை பொறுங்கள். டிரைவரைப் புதுப்பித்த பின் முதல் நாள் இந்த வெட்டு திரும்ப வரும், பயப்பட வேண்டாம். உங்கள் கையில் இதற்கு வேறு மருந்து இல்லை.

*வண்டியில் வேகமாகப் போகும்போது வெட்டுகிறது, சாலை தாமதமாக வரைகிறது*

கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் நிற்கும். எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். ஏற்கெனவே சாட்டா எஸ்.எஸ்.டி.தான் என்றால் டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஒரு வரி பாருங்கள். சி7 என்ற வரியின் எண் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் இல்லை, ஒயர்தான் முதல் சந்தேகம். சாட்டா ஒயரை மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் சி5-இல் எண் ஏறினால் இன்றைக்கே போட்டோக்களைக் காப்பி எடுங்கள்.

*டெக்ஸ்சரை ஏற்றினால் வெட்டுகிறது, இறக்கினால் இல்லை*

வீ-ரேம் நிரம்பிவிட்டது. 4 ஜி.பி. கார்டுகளில் இன்று இது தினசரிக் கதை. நிரம்பி வழிவது சாதாரண ரேமுக்குப் போகும், அங்கே போய் எடுத்துவர நேரமாகும், அதுதான் வெட்டு. ஜி.டி.ஏ. 5-இன் கிராஃபிக்ஸ் பக்கத்தில் எவ்வளவு நிரம்பும் என்று பட்டை போட்டே காட்டும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை அடி. அந்தக் கார்டுக்கு பி.சி.ஐ.இ. லேன் (மதர்போர்டோடு பேசும் பாதை) நான்கே நான்கு, பி.சி.ஐ.இ. 3 போர்டில் போட்டால் வழி இன்னும் குறுகிவிடும்.

*எப்போது என்றே சொல்ல முடியாமல் வெட்டுகிறது*

8 ஜி.பி. ரேமும் பின்னால் குரோமும் என்றால் முதலில் குரோமை மூடுங்கள். ஆன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், திரைப் பதிவு, எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். பிறகு எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஒரு வரம்பு போடுங்கள். 70-க்கும் 110-க்கும் இடையே அலைகிறதைவிட 70-இல் அசையாமல் நிற்பது மேல். நான் ரிவாட்யூனரிலேயே போட்டுக் கொடுத்துவிடுவேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

அறிகுறி 4: கேம் மூடிக்கொள்கிறது, திரை கறுக்கிறது, மொத்தமாக அணைகிறது

மூன்றும் ஒன்றல்ல.

*கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வருகிறது*

ஸ்டீமில் கேமை வலது சொடுக்கி, புராப்பர்ட்டீஸ் போய் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓவர்கிளாக் (கம்பெனி வேகத்துக்கு மேல் ஓட்டுவது) இருந்தால் எடுங்கள். எக்ஸ்.எம்.பி.யையும் தற்காலிகமாக எடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் ரேம் சந்தேகம், மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஒவ்வொரு குச்சியாகப் போட்டுத் தேட வேண்டும்.

அன்ரியல் எஞ்சின் கேம்களில் "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வந்து, கார்டில் இடம் தாராளமாக இருந்தால் சி.பி.யூ.வின் பெயரைப் பாருங்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேஜைச் சி.பி.யூ.க்கள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை அந்தக் கம்பெனியே 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோட் திருத்தமும் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸைப் புதுப்பியுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது, வாரண்டியில் மாற்ற வேண்டியதுதான். பிழைச் செய்தியை நம்பிக் கார்டு வாங்கிவிடாதீர்கள்.

*திரை கறுத்து, சத்தம் மட்டும் கேட்டு, திரும்ப வருகிறது*

விண்டோஸின் கோளாறுப் பதிவான ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101 என்று இருந்தால் டிரைவர் பதில் சொல்லாமல் விண்டோஸ் அதைத் திரும்ப எழுப்பியிருக்கிறது. டி.டி.யூ. என்ற கருவியால் சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துப்புரவாகக் கழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறமும் வந்தால் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் இறங்கும் தங்க நிறப் பின்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பக் குத்துங்கள். சாரல் மாதங்களில் இது வேலை செய்கிற அளவு எனக்கே ஆச்சரியம்.

*சுவிட்சை அணைத்த மாதிரி மொத்தமும் போகிறது*

ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கும். அதைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. "ஒழுங்காக அணையவில்லை" என்று மட்டுமே அது சொல்கிறது.

முதலில் யூ.பி.எஸ். கடைகளில் அதிகம் விற்கிற 600 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் கார்டும் சேர்ந்து அதைத் தாண்டும் நொடியில் அது கத்திவிட்டு அணைத்துவிடும். ஒரு தரம் யூ.பி.எஸ். இல்லாமல் நேராகச் சுவரில் சொருகி ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போய் வரும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்து பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குப் போகும் ஒயர். 8 பின் இணைப்புக்கு 150 வாட், 6 பின்னுக்கு 75, ஸ்லாட்டுக்கு 75. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே ஒயரின் இரண்டு தலையைச் சொருகாமல் இரண்டு தனி ஒயர் போடுங்கள். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் கேம் ஓடும்போது 12 வோல்ட் வரியைப் பாருங்கள், 11.4-க்குக் கீழே போகக் கூடாது.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். உள்ளே எறும்பு புற்று வைத்திருந்தாலும் சரி, பல்லி செத்துக் கிடந்தாலும் சரி, கடைக்குக் கொண்டுவாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? அது என் வேலைகூட இல்லை, வீட்டு எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: திரையில் புள்ளி, கோடு, கலர் கட்டம்

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு ஒயரிலோ மானிட்டரிலோ இருக்கிறது. போனிலும் புள்ளி தெரிந்தால் டிரைவர் அல்லது கார்டு. விண்டோஸ் வரும் முன்பே, பயாஸ் திரையிலேயே புள்ளி தெரிந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது.

ஆஃப்டர்பர்னரில் மெமரி கிளாக்கை 200, 300 இறக்குங்கள். புள்ளி மறைந்தால் வீ-ரேம் பலவீனமாகிவிட்டது. அப்படியே இறக்கிவைத்துச் சில மாதம் ஓட்டலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. ஹீட் கன் காட்டினால், ஓவனில் வைத்தால் சரியாகும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். சில நாள் ஓடும், பிறகு அடியோடு போகும். வீ-ரேம் மாற்றத் தெரிந்த ஆளும் அதன் பிறகு கையை விரித்துவிடுவார். சிப் மட்டத்தில் வேலை செய்கிறவரிடம் தொடாமல் கொடுங்கள். கார்டின் செகண்ட்ஸ் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

செகண்ட்ஸ் வாங்குவதாக இருந்தால் காசு கொடுக்கும் முன் கார்டின் விவரம் காட்டும் ஜி.பி.யூ-இசட்டைத் திறங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் கார்டு என்று அது கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்றே காட்டும். கார்டை முழுப் பலத்தில் உழைக்கவைக்கும் ஃபர்மார்க்கைக் கால்மணி நேரம் ஓட்டி, சூட்டையும் புள்ளியையும் பாருங்கள். விற்பவர் ஓட்டவிட மறுத்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறி 6: எண்கள் சரி, படம் கிழிகிறது அல்லது வழுக்கவில்லை

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60-லேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றுங்கள். படம் குறுக்கே கிழிந்தால் வீ-சிங்க் அல்லது மானிட்டரில் இருந்தால் ஃபிரீ-சிங்க். முடிந்தது.

கடைக்கு வரும்போது

ஆஃப்டர்பர்னரில் லாக் எழுதும் வசதி இருக்கிறது. கெட்ட நேரத்து லாக் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்தக் கேம், எத்தனையாவது நிமிடம், எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. லேப்டாப் என்றால் சார்ஜர் கட்டாயம். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் வீட்டில் போட்டிருக்கும் அதே டிஸ்ப்ளே ஒயர். பாதிக் கேஸில் குற்றவாளி வீட்டிலேயே தங்கிவிடுகிறான்.

பெரிய கார்டு என்றால் அதைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். மலைப்பாதை வளைவில் பஸ் குலுங்கும்போது ஒரு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கினால் மதர்போர்டு விரிசல் விடும். அதனுடைய பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இல்லையென்றால் பருத்தித் துண்டு போதும், பிளாஸ்டிக் பை வேண்டாம். கேபினெட்டைப் படுக்கப் போடுங்கள், மதர்போர்டு அடியில் இருக்கும்படி.